படியில் வைத்த கால்

"முடியாதுன்னா முடியா..."

"நான் சொல்றத முதல்ல காதுல வாங்கு, அம்..."

"வாங்கிட்டுத்தான் சொல்றேன். அந்த வண்டியில நான் ஏற மாட்..."

"காத்தும்மா! அங்க ஆளையே தூக்கிட்டுப் போற காத்து அடிக்குதாம்!"

"என்னையா? என்னத் தூக்கணும்னா கிரேன் வரணும்டி."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தோற்றுவிடுவோம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கட்டிலில் கிடந்த பையின் ஜிப்பை வேண்டாத வேகத்தில் இழுத்தாள். ஜிப்பு பாதியில் சிக்கிக்கொண்டது.

"கோபத்த ஜிப்புமேல காட்டாத. பாவம், அது நம்மகூடவே வந்துட்டு இருக்கு" என்றாள் தாய்.

விடுதியின் மாடி அறை அது. இரண்டு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலைத் திறந்தால் கடல். கீழே வாசலில் சாமான் வண்டி வந்து நின்றிருந்தது. இந்தக் கடற்கரைப் பாதையில் நடப்பவர்களின் பைகளை ஒவ்வொரு காலையும் அந்த வண்டி எடுத்துக்கொண்டு அடுத்த விடுதியில் இறக்கி வைக்கும். நடப்பவர்கள் தண்ணீர் பாட்டிலும் ரொட்டியும் மட்டும் முதுகில் போட்டுக்கொண்டு, கற்களில் பூசியிருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்து சேருவார்கள். அம்மாவும் மகளும் அப்படித்தான் கிட்டத்தட்ட இரண்டு வாரமாக நடந்து வருகிறார்கள். இன்று கடைசி நாள். கடலுக்குள் நீண்டிருக்கும் பாறை முனையைக் கடந்தால் கலங்கரை விளக்கம். அதோடு பாதை முடிகிறது.

அந்த முனையில்தான் வம்பு. விடுதிக்காரம்மா காலைச் சாப்பாட்டு நேரத்தில் கையால் காற்றை வீசிக் காட்டி, நேற்று இரண்டு பேர் பாதியில் திரும்பி வந்த கதையைச் சொன்னாள். அந்த ஊர்ப் பேச்சு மகளுக்குக் கொஞ்சம் புரியும். அவள் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் வண்டிக்காரனிடம் ஏதோ பேசிவிட்டு வந்தாள்.

"பைகூட என்னையும் ஏத்திவிடச் சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்."

"பெத்தவள சாமான் கணக்குல சேத்துட்ட."

"அம்மா, உன் முட்டி புது முட்டி. வருஷம்கூட முழுசா ஆகல. முனைக்கு அந்தப் பக்கம் பாதையும் ரோடும் சேர்ற இடத்துல இறங்கிக்கோ. ஒரே ஒரு ஸ்டேஜ்."

"ஸ்டேஜ் கணக்கு எனக்கே சொல்லித் தர்றியா?"

அதுவும் சரிதான். இவள் பணி ஓய்வு பெறும்வரை பஸ் கண்டக்டர். இவளுடைய தடத்தில் போய்வந்த ஜனங்களுக்கு இவள் ரைட்டம்மா. "ரைட்!" என்று இவள் கொடுக்கும் குரல் அடுத்த நிறுத்தம்வரை கேட்கும் என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். அந்தத் தடத்தின் கடைசி நிறுத்தம் ஒரு கடற்கரை. தினமும் கடலுக்கு முன்னால் கொண்டுபோய் வண்டியைத் திருப்புவார்கள். ஒரு டீ குடிக்க நேரம் இருக்கும், அவ்வளவுதான். கரையோரமாக ஒரு பாதை வளைந்து போவது பஸ் கண்ணாடி வழியாகத் தெரியும். அது எங்கே போகிறது என்று ஒருநாள்கூட இறங்கி நடந்து பார்த்ததில்லை. அந்த ஆசை மனசில் அப்படியே கிடந்தது.

போன வருஷம் முட்டிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மகள் உட்கார்ந்து ஆரம்பித்தாள். இனி தனியாக இருக்க முடியாது, வீட்டைப் பூட்டு, என்னோடு வந்துவிடு. மகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. எந்த வயதுக்காரர் எப்போது எங்கே விழுவார் என்று சதவீதம் போட்டுச் சொல்கிற வேலை. அம்மாவுக்கும் ஒரு சதவீதம் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"உன் கணக்குப் பொய்யின்னு நடந்தே காட்டறேன்" என்று அம்மாவும் படுத்தபடியே சவால் விட்டாள். "கடலோரமா நடக்கற ஒரு பாதையைப் பாரு. எந்த ஊருன்னாலும் சரி. ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைவரைக்கும் நடப்பேன். நடுவுல ஓரடி வண்டியில போனாலும் மறுபேச்சு இல்லாம உன் வீட்டுக்கு வந்துடறேன். நடந்து முடிச்சுட்டேன்னா, நீ இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"வேணாம்மா, சொகுசு பஸ்ல சுத்திப் பாக்கற டூர் இருக்கு..."

"பஸ்ல நான் உக்காந்துட்டுப் பாக்கறதா? நல்லா இருக்குடி கூத்து."

மகள் ஒத்துக்கொண்டாள். தன் சதவீதத்தில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

இன்று அந்தச் சதவீதம் ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. இருவரும் பைகளோடு கீழே வந்தார்கள். வண்டிக்காரனுக்குப் பெரிய மீசை. அம்மா அவனுக்கு வைத்த பெயரும் மீசைதான். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. ஆனால் முதல் நாளே அவன் கதவைச் சாத்தியதும், இவள் பழக்கதோஷத்தில் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி "ரைட்!" என்று குரல் கொடுத்துவிட்டாள். மீசைக்கு அது பிடித்துப்போனது. அன்றிலிருந்து தினமும் இவள் தட்டினால்தான் நகருவான். தட்டத் தாமதமானால் கண்ணாடியில் எட்டிப் பார்த்துக் காத்திருப்பான்.

இன்று பக்கக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே இருக்கையைத் துடைத்துவிட்டு, "வாருங்கள்" என்பதுபோல் கையை நீட்டினான்.

அம்மா குனிந்து உள்ளே பார்த்தாள். நல்ல இருக்கைதான். பைகளை மட்டும் தூக்கி அதன்மேல் வைத்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். தட், தட்.

"ரைட்!"

மீசை மகளைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், வண்டியை எடுத்தான்.

"உனக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்றாள் மகள்.

"உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சாம்? நட."

நடந்தார்கள். பாதை முதலில் புல்லுக்குள் போயிற்று, பிறகு ஏறியது. அம்மாவின் நடை கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். காலை அகட்டி வைத்து, முட்டியைத் தளரவிட்டு, இடுப்பை லேசாக ஒருபக்கம் சாய்த்து நடப்பாள். வருஷக்கணக்காக ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகிய உடம்பு. பிசியோதெரபி டாக்டர் அந்த நடையை மாற்றப் பார்த்து, கடைசியில் அவரே கைகூப்பிவிட்டார். மகளோ கடையில் விற்றவன் சொன்னபடி புது ஷூ, இரண்டு கைத்தடி, முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப்பை என்று போருக்குப் புறப்பட்டவள்போல வந்தாள்.

"இந்தக் குழாய்ல தண்ணி வருதா, மருந்து வருதா? ஆஸ்பத்திரியில எனக்கு வச்ச மாதிரியே இருக்கு."

"பேசாம நடம்மா. மூச்சு வாங்கும்."

"வாங்கறது உனக்குத்தான்."

பாதை முனையின் மேல் வந்ததும் காற்று இருவர் பேச்சையும் பறித்துக்கொண்டு போனது. ஒருபக்கம் பாறைச் சுவர். மறுபக்கம் எதுவும் இல்லை, கீழே கடல் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது. பாறையில் ஆணியடித்து இரும்புச் சங்கிலி ஒன்று கட்டியிருந்தார்கள். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்க முடியாத அகலம்தான் பாதை.

அம்மா சங்கிலியைப் பிடித்தாள். ஒரு நொடியில் உடம்புக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. தலைக்குமேல் கம்பி, கால் கீழே ஆட்டம், வளைவில் திரும்புகிற பஸ். காற்று தள்ளினால் தள்ளுகிற பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, அது ஓய்ந்ததும் நிமிர்ந்து, இரண்டடி வைத்து, மறுபடி சாய்ந்து. அவளுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது. திருவிழாக் கூட்டம் ஏறிய பஸ் இதைவிட மோசமாகத் தள்ளியிருக்கிறது.

பத்துப் பதினைந்து அடி போனபிறகுதான் பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்று தெரிந்தது.

மகள் சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பாறையோடு பல்லியாக ஒட்டிக்கொண்டு நின்றாள். கண் மூடியிருந்தது. கைத்தடி ஒன்று காலடியில் உருண்டு, விளிம்பைத் தாண்டி, போயே போய்விட்டது.

"என்னடி ஆச்சு?"

"கால் வரல."

"வரலன்னா?"

"வரலம்மா! தலை சுத்துது. நீ போ. இல்ல, போகாத! போகாதம்மா."

அம்மா அப்படியே பின்னோக்கி நடந்து வந்தாள். திரும்பக்கூட இடமில்லை.

"சரி, நான் இங்கதான் இருக்கேன். கண்ணத் திற. கடலப் பாக்காத, என் முதுகப் பாரு."

"நீ தோத்துப் போகணும்னுதான் நெனச்சேன்" என்றாள் மகள். கண்ணைத் திறக்கவில்லை. காற்றில் பாதி போக, மீதி காதில் விழுந்தது. "காத்துக்குப் பயந்து வண்டியில ஏறச் சொல்லல. நீ தோத்தா என் வீட்டுக்கு வந்துடுவேன்னுதான். ராத்திரி வேலை முடிச்சு லிஃப்ட்ல ஏறினா பதினோராவது மாடிவரைக்கும் நான் மட்டும்தாம்மா. கதவைத் திறந்தா லைட்டு நான்தான் போடணும். அவர் போனப்புறம் அந்த வீட்டுல ரேடியோவத் தவிர யாரும் என்கிட்டப் பேசினதில்ல. உன் முட்டிய சாக்கு வச்சேன்."

மாப்பிள்ளை பிரிந்துபோய் இரண்டு வருஷமாகிறது. "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று மகள் போனில் சொல்வதை அம்மாவும் நம்பிக்கொண்டிருந்தாள். நம்புவது வசதியாக இருந்தது. கட்டிப்பிடித்து அழ வேண்டிய இடம்தான். ஆனால் அகலம் போதாது. அழுதால் இருவருமே கீழே போய்ச் சேர வேண்டியதுதான்.

எனவே ரைட்டம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். வயிற்றிலிருந்து குரலை எடுத்தாள்.

"நடுவழியில நிக்காதம்மா! உள்ள போ, உள்ள போ! முன்னாடி அவ்வளவு இடம் காலியாக் கிடக்கு!"

மகள் கண்ணைத் திறந்துவிட்டாள்.

"கம்பியப் பிடி! ஒரு கை போதும், இன்னொரு கை சும்மா இருக்கட்டும்! கால அகட்டு! முட்டிய ஏன் விறைப்பா வச்சிருக்க, முட்டி உன் மாமியாரா? தளர விடு! வண்டி திரும்புது, சாய்ஞ்சுக்கோ!"

காற்று தள்ளியது. மகள் சாய்ந்தாள்.

"நிமிந்துக்கோ! ரெண்டடி! உள்ள போ, உள்ள போ!"

"அம்மா, கத்தாத, யாராவது கேக்கப்போ..."

"எவன் இருக்கான் இங்க? ரெண்டடி! ஆங்! பின்னால இறங்கறவங்களுக்கு வழி விடு!"

அப்படியே போனார்கள். தாய் முன்னால் கத்திக்கொண்டு, மகள் பின்னால் அழுதுகொண்டு, பிறகு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்துகொண்டு. எவ்வளவு நேரம் போயிற்றோ, பாறை விலகி, சங்கிலி முடிந்து, அகலமான புல்தரை வந்தது. மகள் மண்ணில் தொப்பென்று உட்கார்ந்து புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தாண்டிட்டோமா?"

"தாண்டிட்டோம்."

"நான் தாண்டிட்டேனா?"

"நீதான்டி, வேற யாரு?"

மகள் வானத்தைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டாள். அவள் சின்ன வயதில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தபோது போட்ட அதே கூச்சல். அம்மாவும் சேர்ந்து கத்தினாள். காற்றுக்கு அன்று நல்ல போட்டி.

தாண்டிய சந்தோஷத்தில் மகள் இறக்கத்தில் ஓடினாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. கல் புரண்டு மகளின் கணுக்கால் மடங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் வீங்கிவிட்டது. தாயின் தோளில் கைபோட்டு நொண்டிக்கொண்டே பாதையும் ரோடும் சேர்கிற இடத்துக்கு வந்தாள்.

அங்கே சாமான் வண்டி நின்றிருந்தது. காலையில் மகள் சொன்னதை மீசை மறக்கவில்லை. காத்திருந்தான். மகளின் காலைப் பார்த்ததும் அவனே கதவைத் திறந்தான்.

"நீ ஏறிக்கோ" என்றாள் அம்மா.

"நீ?"

"விளக்கு தோ தெரியுது. இத்தன தூரம் நடந்துட்டு இதுக்கா ஏறுவேன்?"

"தனியாவா போவ?"

"கடல் கூடவே வருதே."

மகளைத் தூக்கி இருக்கையில் சேர்க்க வேண்டியிருந்தது. அம்மா படியில் ஒரு கால் வைத்து அவளை உள்ளே தள்ளினாள். சரியாக உட்காரவில்லை. இன்னொரு காலையும் படியில் வைத்து ஏறிக்கொண்டு, "உள்ள போ, இன்னும் உள்ள" என்று பையை நகர்த்தி, வீங்கிய காலை அதன்மேல் தூக்கி வைத்தாள். எல்லாம் சரி. பயணி உட்கார்ந்தாயிற்று. கை தானாகப் போனது.

தட், தட். "ரைட்!"

வண்டி நகர்ந்தது.

படியில் நின்றபடியே நாலைந்து கஜம் போனபிறகுதான் ரைட்டம்மாவுக்கு உறைத்தது. நடந்த இரண்டு வாரமும், ஆஸ்பத்திரியில் விட்ட சவாலும், பூட்டாத வீடும் எல்லாம் அந்த இரண்டு தட்டில் போச்சு.

"அம்மா!" என்று மகள் அலறினாள். "ஏறிட்ட! வண்டியில ஏறிட்ட!"

வண்டி இன்னும் நடை வேகத்தில்தான் இருந்தது. அம்மா வண்டி போகும் பக்கமே முகத்தை வைத்து, கையை விட்டு, முன்னோக்கி நாலு எட்டு ஓடி நின்றாள். கண்டக்டர்கள் இறங்குவது அப்படித்தான். புது முட்டி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

வண்டி நின்றது. மகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "பாத்தேன்! ரெண்டு காலும் படியில இருந்துச்சு!"

"இருந்துச்சு. யாரு இல்லைன்னா?"

"அப்ப?"

அம்மா திரும்பி, கலங்கரை விளக்கத்துக்கு முதுகைக் காட்டி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தாள்.

"எங்கம்மா போற? விளக்கு இந்தப் பக்கம்! கோச்சுக்கிட்டியா? அம்மா, சும்மா சொன்னேம்மா!"

ரோடோரத்தில், வண்டி முதலில் நின்றிருந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்ட கல் இருந்தது. அம்மா அதுவரை போனாள். கல்லைத் தொட்டாள். திரும்பினாள். விடுபட்ட அந்தக் கொஞ்ச தூரத்தை, கால் அகட்டி, இடுப்பைச் சாய்த்து, ஒவ்வோர் அடியாக வைத்து நடந்து வந்தாள். வண்டியைக் கடக்கும்போது ஜன்னலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

"இப்ப சொல்லு. எந்த இடம் நடக்காம விட்டேன்?"

மீசைக்கு என்ன புரிந்ததோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். அம்மா வண்டியின் பக்கவாட்டில் மறுபடி தட்டினாள், இந்த முறை காலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டு. "ரைட்!"

வண்டி முன்னால் போய் மறைந்தது. கடல், பாதை, அவள். ரைட்டம்மா கழுத்துச் சங்கிலியில் கோத்துப் போட்டிருந்த பழைய விசிலை வெளியே எடுத்தாள். வழியெல்லாம் "அத உள்ள போடும்மா, பாக்கறவங்க சிரிப்பாங்க" என்று மகள் மறைக்கச் சொன்ன விசில். இரண்டு தடவை ஊதினாள். பறவைக் கூட்டம் ஒன்று பாறையிலிருந்து எழுந்து பறந்தது. ஊதிக்கொண்டே நடந்தாள். வெயில் வந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்த பாதைகளெல்லாம் காலுக்குக் கீழே ஓடுவதுபோல இருந்தது. கடைசி ஏற்றத்தில் மூச்சு வாங்கியது, முட்டி முனகியது, "இதோ வந்தாச்சு, எறங்கற இடம்தான்" என்று அதையும் சமாதானம் செய்தாள்.

கலங்கரை விளக்கத்தின் சுற்றுச்சுவரில் மகள் ஒரு ஷூவோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மீசை. நடந்து வந்து சேர்ந்த இன்னும் சில பேர். மகள் அவர்களிடம் என்ன சொல்லி வைத்திருந்தாளோ, அம்மாவின் தலை தெரிந்ததும் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் விளக்குச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். சுவர் வெயிலில் சூடாக இருந்தது. நீளமாக ஒரே ஒரு விசில். வண்டி நிற்க வேண்டிய விசில்.

பிறகு வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலைப் பார்த்தாள். "வீக்கம் இறங்கியிருக்கு."

"ஜெயிச்சுட்ட" என்றாள் மகள். சொல்லும்போது முகம் மலர்ந்திருந்தது, கை மட்டும் கழற்றி வைத்த ஷூவின் கயிற்றை முறுக்கிக்கொண்டிருந்தது. "பேச்சு பேச்சுதான். இனிமே வீட்டப் பூட்டுன்னு கேக்க மாட்டேன்."

"கேக்கக் கூடாது."

"கேக்கல."

இருவரும் கடலைப் பார்த்தார்கள். அம்மா மகளின் தண்ணீர்ப்பைக் குழாயை எடுத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "பரவால்ல, தண்ணிதான்" என்றாள். பிறகு, ஏதோ இப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலச் சொன்னாள்.

"ஆனா பந்தயத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. நான் வண்டியில ஏறினா உன் வீட்டுக்கு வரணும். சரி. நீ ஏறினா?"

"நானா? என்னைப் பத்திப் பேச்சே இல்லையே."

"அதான் சொல்றேன், விட்டுப்போச்சுன்னு. ஏறினது யாரு? சொகுசா காலத் தூக்கிப் பைமேல வச்சுட்டு வந்தது யாரு?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். இந்த இரண்டு வாரமும் எந்த விடுதிக்குப் போனாலும், ஜன்னல் பக்கக் கட்டிலைத் தாய்க்கு விட்டுக்கொடுத்துவிட்டுக் கதவுப் பக்கம் படுத்தவள் அவள்.

"உன் வேலைய எங்க உக்காந்து வேணா செய்யலாம்னு நீதான சொன்ன? என் வீட்டுல லிஃப்ட் கிடையாது. நாலே படி. சாயங்காலம் ஆனா லைட்டு நான் போட்டு வைப்பேன். சத்தம் ஜாஸ்தி, காலையில முதல் பஸ் ஜன்னலுக்குக் கீழதான் திரும்பும். ரெண்டு கட்டில் தாராளமாப் போடலாம்." அம்மா விசிலைக் கழுத்துக்குள் போட்டுக்கொண்டாள். "எனக்குக் கதவுப் பக்கம்தான் பழக்கம், ஜன்னல் பக்கம் உனக்கு. எப்ப வர்ற?"